தீயை அணைப்பதும் தீவினையோ?

கழுகுமலைச் சமணச் சிற்பங்களைத் தரிசித்துத் திரும்புகையில், கரிவலம்வந்தநல்லூரில் நண்பர் ஒருவர் இல்லத்தில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. சித்திரை மாதம். சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் அமைந்த பழம்பதி அது. யானை வலம்வந்த நல்லூர் என்பது பெயரின் பொருள். பால்வண்ணநாதர் கோயிலும், மழை பெய்தாலன்றி மணலாகவே கிடக்கும் நிட்சேப நதியும், மேற்கே நீலமாகத் தோன்றும் மலைத்தொடரும் அவ்வூரின் அடையாளங்கள். பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொண்டு, இரவில் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தேன். மேற்கு மலையின் நடுப்பகுதியில் செந்நிற நூல் ஒன்று வளைந்து நெளிந்து கிடந்தது. அங்கே ஏதேனும் திருவிழாவோ என்று நண்பரைக் கேட்டேன். “திருவிழா இல்லை, காடு எரிகிறது” என்றார் அவர்.

மறுநாள் அவர் வீட்டுக்கு ஒருவர் வந்தார். மலையடிவாரத்துச் சிற்றூரைச் சேர்ந்தவர். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். முந்தைய நாள் வரை அந்த மலையில்தான் இருந்தாராம். வனத்துறையார் இத்தகையோரைத் தீத்தடுப்புக் காவலர் என்பர். ஊர்ப் பேச்சில் ‘வாச்சர்’. நிரந்தரப் பணியாளர் அல்லர். தையிலோ மாசியிலோ அமர்த்தப்பட்டு, மலையில் மழை இறங்கியதும் விடுவிக்கப்படுபவர். எஞ்சிய மாதங்களில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கிறார். நான் சமணன் என்று நண்பர் அறிமுகம் செய்ததும், அவர் கேட்ட முதற் கேள்வி இது.

“அண்ணாச்சி, உங்க மதத்துல நெருப்புக்கும் உசுரு உண்டாமே?”

“உண்டு” என்றேன். மண், நீர், தீ, காற்று, மரஞ்செடி ஆகிய ஐந்தையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உள என்றும், தேயு காயிகம் என நூல்கள் சொல்வது தீயுடல் உயிர்களையே என்றும் சற்றுப் பெருமிதத்தோடே விளக்கினேன்.

“அப்ப நாங்க நெருப்ப அடிச்சு அணைக்கது?”

“அதுவும் இம்சைதான்.”

அவர் மறுமொழி கூறவில்லை. முழங்கையில் பழைய தீத்தழும்பு ஒன்று இருந்தது, அதைத் தடவிக்கொண்டார். பிறகு, “சரிங்க ஐயா” என்றார். அதுவரை அண்ணாச்சி என்றவர் ஐயா என்று விலகியது என் நெஞ்சில் தைத்தது. நான் கூறியது பொய்யன்று. ஆயினும் முழு விடையும் அன்று. ஊர் திரும்பிய பின் நூல்களைப் புரட்டியபோதுதான் எவ்வளவு குறையான விடை என்று புரிந்தது. இக்கட்டுரை அவருக்கு நான் பட்ட கடன்.

முதலில் அவர் தொழிலைச் சொல்ல வேண்டும். கோடை முற்றுமுன் காட்டினூடே நீண்ட பட்டைகளாகப் புல்லையும் புதரையும் வெட்டி, சருகை வாரிக் குவித்து, பனி ஈரம் உள்ள வேளையில் அக்குவியலைத் தாமே எரித்துவிடுகிறார்கள். இதற்குத் தீத்தடுப்புக் கோடு என்று பெயர். பின்னாளில் பெருந்தீ வந்தால் உண்ண ஏதுமின்றி அக்கோட்டில் நின்றுவிடும் என்பது கருத்து. மாசி, பங்குனியில் உயரமான பாறைமேல் அமர்ந்து புகை எழுகிறதா என்று நாள் முழுதும் பார்த்திருப்பது அடுத்த வேலை. டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியே காட்டுத்தீயைக் கண்டறிந்து தெரிவித்து வருகிறது. இக்காலத்தில் அச்செய்தி கைபேசிக்கே வந்துவிடுகிறது. ஆயினும் மலையேறுவது மனிதர்தாம். அங்கே தண்ணீர் ஏது? பச்சை இலைக் கொத்தை ஒடித்து, அதனாலேயே தீயை அடித்து அணைக்கிறார்கள். சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து ஏறும். தனக்கு மேலே உள்ள புல்லை வெப்பத்தால் முன்னதாகவே உலர்த்திக்கொண்டு செல்லும். ஆகையால் தீக்கு மேலே நிற்கலாகாது. பின்னும் பக்கமும் நின்றே அடிக்க வேண்டும். அடக்க இயலாத பெருந்தீயாயின், வெட்டிய கோட்டிலிருந்து எதிர்த்தீ இட்டு, இரு தீயும் சந்தித்து மடியச் செய்வர்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மலையேற்றம் சென்றவர்கள் உயரமான புல்வெளிச் சரிவில் தீயிடைச் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை வாசகர் மறந்திருக்க மாட்டீர்கள். 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்துக் கொட்டம்பத்தூரில் தீயணைக்கச் சென்ற வனக் காவலர் மூவர் அதே தீயில் மாண்டனர். இது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

இனி, நூல்கள் கூறுவதைக் காண்போம். சுவேதாம்பர ஆகமங்களை நம் மரபு பிரமாணமாக ஏற்பதில்லை. எனினும் இந்த வினா அங்கேதான் நேர்ப்பட எழுப்பப்பட்டுள்ளது. ஆதலின் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். சூத்திரகிருதாங்கம், தீ மூட்டுபவன் பிற உயிர்களைக் கொல்கிறான், அணைப்பவன் தீயுயிரைக் கொல்கிறான் என இருவரையும் குற்றவாளிகளாக்குகிறது. இல்லறம் துறந்த முனிவருக்கு உரைத்தது அது. மூட்டவும் வேண்டா, அணைக்கவும் வேண்டா என்பதே அங்குள்ள நெறி. நான் கரிவலத்தில் ஒப்புவித்தது இந்த விடையைத்தான்.

ஆனால் பகவதி சூத்திரத்தில் காலோதாயி என்பவர் பகவான் மகாவீரரிடம் இன்னும் நுட்பமாக வினவுகிறார். ஒருவன் தீயை மூட்டுகிறான்; மற்றொருவன் அத்தீயை அணைக்கிறான்; இவ்விருவருள் மிகுந்த வினையை ஈட்டுபவன் யார்? மூட்டுபவனே என்பது விடை. காரணமும் தரப்படுகிறது. மூட்டுபவனால் மண்ணுயிர், நீருயிர், காற்றுயிர், மரவுயிர், இயங்குயிர் யாவும் மிகுதியாக அழிகின்றன. தீயுயிர் குறைவாக அழிகிறது. அணைப்பவனால் தீயுயிர் மிகுதியாக அழிகிறது. ஏனையவை குறைவாக அழிகின்றன. ஆகவே அணைப்பவனது வினை சிறிது. அணைப்பவனுக்கு வினையே இல்லை என்று பகவான் கூறவில்லை என்பதை நோக்குக. இருவரையும் ஒரே தட்டில் வைக்கவும் இல்லை. நான் அந்தக் காவலரிடம் பேசியபோது இரண்டாவது பிழையைச் செய்தேன்.

நம் திகம்பர ஆசாரியர்களும் இதற்கு அரண் செய்கின்றனர். உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிரைப் போக்குதல் என்பதோடு நில்லாது, அசட்டையும் விருப்புவெறுப்பும் கலந்த மனநிலையோடு போக்குதல் என்று வரையறுக்கிறது. அமிர்தசந்திரரோ புருஷார்த்த சித்தியுபாயத்தில், இம்சையைச் செய்யாதவனும் அதன் பயனை அடைவதுண்டு, செய்தவனும் அடையாதிருப்பதுண்டு என்னும் அளவுக்குச் செல்கிறார். இல்லறத்தாருக்குச் சங்கல்ப இம்சையே முழுதும் விலக்கு. உழவிலும் அடுக்களையிலும் நேரும் ஆரம்ப இம்சையைக் குறைத்துக்கொள்ளலாமேயன்றி ஒழித்துவிட இயலாது. ஏர் பிடிக்கும் குடும்பங்கள் நம்முள் பல. இதை எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டுவதில்லை.

அக்காவலர் கூறிய ஒரு செய்தியை இங்கே குறிப்பிட வேண்டும். குவித்த சருகை எரிக்குமுன் கோலால் நாலா பக்கமும் தட்டிவிட்டுச் சற்று நேரம் காத்திருப்பாராம். “பாம்பு, ஓணான், முள்ளெலி எல்லாம் அதுக்குள்ள குளிர்ச்சிக்குப் போய்ப் படுத்துக்கிடும், பாவம்” என்றார். அவருக்கு இதைச் சொல்லித்தந்தவர் எவருமில்லை. முந்தைய நாள்தான் கழுகுமலைப் பாறையில் நாகம் குடைபிடிக்கும் பார்சுவநாதரை வணங்கி வந்திருந்தேன். தவத்தீக்கென வைத்த கட்டையினுள் நாகங்கள் இருப்பதை உணர்ந்து தடுத்த இளவரசரின் கதையை நம் வீட்டுக் குழந்தைகளும் அறியும். அதை நினைவில் வைத்துக்கொண்டே, அசட்டையின்றித் தீயைக் கையாளும் ஒருவரிடம் ‘அதுவும் இம்சைதான்’ என்று சொன்னேனே!

அங்கே எழும் தீக்குக் காரணம் என்ன என்றும் கேட்டேன். நம் வறண்ட காடுகளில் கோடைத்தீ தானாக எழுவது மிக அரிது. புதுப்புல் தளிர்க்க வேண்டும் என்று மேய்ப்பவர் இடுவது, தேனெடுப்போர் கைவிட்ட புகைப்பந்தம், வழிப்போக்கர் எறிந்த பீடித்துண்டு, சில வேளை வனத்துறையார்மீது கொண்ட பகை, இவ்வளவுதான். இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களுள் காட்டுக்குத் தீயிடுதலும் ஒன்றாக ஹேமசந்திரரின் யோக சாஸ்திரத்தில் வருகிறது. திகம்பரரான ஆசாதரரும் அதனைக் குறிப்பிடுகிறார். ஹேமசந்திரர் அதனை இருவகையாகப் பிரிப்பது வியப்புக்குரியது: பழக்கத்தால் இடுவது, புண்ணியம் என்று எண்ணி இடுவது. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் முதல்வகை அப்படியே உள்ளது. பீடித்துண்டையோ சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் அனர்த்த தண்டம் என்ற பகுதியிலேயே அடக்கிவிட்டார்: பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், செடியை வெட்டுதல். ‘பயனின்றி’ என்பதே அங்கு உயிரான சொல். காவலர் வெட்டும் செடியும் செடிதான். பயனின்றி வெட்டியது என்று எவரும் கூறார்.

நிற்க. எல்லாத் தீயையும் அணைப்பதே நன்று என்று நான் சொல்ல வந்ததாகவும் கொள்ள வேண்டா. கருநாடகத்துப் பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர்கள், ஆண்டின் தொடக்கத்தில் தரைச்சருகை மட்டும் மேலோட்டமாக எரிக்கும் வழக்கத்தைக் கொண்டிருந்தனர். அது தடைசெய்யப்பட்ட பின் உண்ணிச்செடி மண்டிக் காடே மாறிவிட்டது என்பது அவர்கள் முறையீடு. ஆய்வாளர் சிலரும் அதற்குச் செவிசாய்க்கின்றனர். சிறு தீயை ஓயாது அணைத்துவர, சருகு ஆண்டுதோறும் சேர்ந்து பெருந்தீக்கு இரையாவதும் உண்டு. இதிலே முடிவு கூறும் தகுதி எனக்கில்லை. நல்லெண்ணம் மட்டும் போதாது, எந்தத் தீ எதை அழிக்கும் என்னும் அறிவும் வேண்டும் என்பதளவில் நிறுத்திக்கொள்கிறேன். அந்த அறிவு நூல் படித்த என்னைவிட அவரிடமே மிகுதி.

கரிவலம் என்ற பெயரால் நினைவுக்கு வந்த கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஞாதாதர்மகதையில் மேருபிரபன் என்னும் யானையின் வரலாறு வருகிறது. முற்பிறவியில் காட்டுத்தீக்கு அஞ்சி ஓடித் துன்புற்று இறந்த நினைவு அதற்குத் தோன்ற, மழைக்காலந்தோறும் ஒரு பெரும் வட்டத்தினுள் புல்லையும் செடியையும் பிடுங்கி வெறுந்தரை ஆக்கிவைத்தது. பின் ஒரு கோடையில் காடு பற்றி எரிய, விலங்குகள் எல்லாம் அவ்வட்டத்துள் நெருக்கியடித்துப் புகுந்தன. உடலைச் சொறிய யானை ஒரு காலைத் தூக்கியபோது, அந்த இடத்தில் முயல் ஒன்று ஒண்டிக்கொண்டது. காலை ஊன்றினால் முயல் நசுங்கும். இரண்டரை நாள் அவ்யானை தூக்கிய காலை ஊன்றாமலே நின்றது. தீ அடங்கி முயல் போன பின் மரத்துப்போன காலோடு சாய்ந்து உயிர்விட்டது. அவ்வுயிரே சிரேணிக மன்னனின் மகன் மேகனாகப் பிறந்தது என்று பகவான் அவனுக்கே எடுத்துரைக்கிறார்.

தூக்கிய காலையே எல்லோரும் போற்றுகின்றனர், போற்றத்தக்கதே. எனக்கோ இப்போது அந்த வட்டத்தின்மீதே கண் செல்கிறது. எத்தனை எத்தனை புல்லுயிர் பிடுங்கப்பட்டு உண்டான வெறுந்தரை அது! அதுவும் அருளால் அன்று, தன் உயிருக்கு அஞ்சிச் செய்தது. ஆயினும் அவ்வட்டம் இல்லையேல் முயல் ஒண்டவும் இடமில்லை, யானை காலைத் தூக்கி நிற்கவும் இடமில்லை. காவலர் கூலிக்காகத்தானே செய்கிறார், அதில் அறம் எங்கே என்று என் உறவினர் ஒருவர் வாதிட்டார். யானையும் முதலில் தனக்காகவே செய்தது என்று விடை கூறினேன். அவர் இன்னும் உடன்படவில்லை.

அவர்தம் வாதத்தின் அடியில் நம்மிடையே ஊறிப்போன எண்ணம் ஒன்று உண்டு: கோடரியும் தீயும் நாம் தொடாதவை, ஆதலின் நாம் தூயர். வந்தவாசி, ஆரணிப் பக்கத்து நம் வயல்களுக்கு நீர் தரும் செய்யாறு சவ்வாது மலையில் பிறப்பது. அம்மலையும் கோடையில் எரிகிறது. அங்கும் யாரோ சிலர் கோடு வெட்டுகின்றனர், சருகு எரிக்கின்றனர், தழையால் தீயை அடிக்கின்றனர். அம்மலையின் நீரில் விளைந்த சோற்றை நாம் பொழுது சாயுமுன் உண்டு எழுகிறோம். அவர்தம் வினையில் நமக்குப் பங்கில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்றையும் வினையாக எண்ணச் சொன்ன மரபல்லவா நம்முடையது?

ஆனி பிறந்ததும் நண்பர் மூலம் அவருடைய தொலைபேசி எண்ணைப் பெற்றுப் பேசினேன். மலையில் மழை இறங்கிவிட்டதாம், தறிக்குத் திரும்பியிருந்தார். பின்னணியில் தறியின் ஓசை கேட்டது. காலோதாயியின் வினாவையும் விடையையும் பொறுமையாகச் சொன்னேன். யானைக் கதையையும் சொன்னேன். அன்று அரைகுறையாகச் சொன்னதற்கு வருந்துவதாகவும் கூறினேன். சிறிது நேரம் தறியின் ஓசை மட்டும் வந்தது.

“அந்த யானைக்கு வட்டம் வெட்ட ஒத்தாசைக்கு யாரும் வந்தாங்களா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

“கதையில் அப்படி இல்லை” என்றேன்.

“எங்களுக்கும் தையில ஆள் பத்தல” என்றார்.