ஊசியிலைக் காட்டில் இறைநோக்கம்: லின்னேயஸும் துருவமான் ஈயும்

படைப்பை நுணுகி அறிவது படைத்தவனை அறிவதற்கு வழியாகுமா என்னும் கேள்வி, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஏட்டளவில் நின்றுவிடாமல், அறிஞர் பலரை நெடும் பயணங்களுக்குத் தூண்டியது. மறைநூலின் துணையை நாடாது, உயிரினங்களின் உடலமைப்பிலும் அவற்றிடையே காணப்படும் ஒழுங்கிலும் இருந்தே இறைவனின் அறிவையும் கருணையையும் நிறுவ முயன்ற சிந்தனை மரபை இயற்கைவழி இறையியல் என்பர். 1732ஆம் ஆண்டு மே மாதம் சுவீடனின் உப்சாலா நகரிலிருந்து வடக்கே லாப்லாந்தை நோக்கிப் புறப்பட்ட கார்ல் லின்னேயஸ், லூத்தரன் சபைப் போதகர் ஒருவரின் மகனாக அம்மரபிலேயே ஊறி வளர்ந்தவர். பைன், ஸ்ப்ரூஸ் முதலிய ஊசியிலை மரங்கள் அடர்ந்த அந்நிலத்தில் அவர் கண்ட தாவரங்கள், 1737இல் 'ஃப்ளோரா லாப்போனிகா' என்னும் நூலாயின.

மலர்களைக் கொண்டு இறைக் கருணையை நிறுவுவது எளிது. காட்டு நிழலில் பாசிப்படுகை மேல் இணை இணையாகப் பூத்துத் தொங்கும் லின்னேயா என்னும் சிறு கொடி அவருடைய பெயரையே தாங்கி நிற்பதும் பொருத்தமே. ஆனால் அவ்விறையியலுக்கு உண்மையான சோதனையாக அமைந்தது, வடநிலத்தில் ரெயின்டீர் எனப்படும் துருவமானைத் துன்புறுத்தும் ஓர் ஈயாகும். கோடையில் இந்த ஈ துருவமானின் மயிரில் முட்டைகளை ஒட்டிவிட்டுச் செல்ல, அவற்றிலிருந்து வெளிப்படும் புழுக்கள் தோலைத் துளைத்து உட்புகுந்து, முதுகுப்புறத்தை அடைந்து, தோலில் மூச்சுத் துளை அமைத்துக்கொண்டு குளிர்காலம் முழுவதும் அவ்விலங்கின் உடலை உண்டே வளர்கின்றன. பனி உருகும் காலத்தில் அவை வெளியேறித் தரையில் விழுந்து, கூட்டுப்புழுவாகிப் பின் ஈயாகின்றன. வளர்ந்த ஈக்கு உண்பதற்கேற்ற வாயுறுப்பு இல்லாமையால் அது கடிப்பதும் இல்லை, இரத்தம் குடிப்பதும் இல்லை. ஆயினும் அது நெருங்கிய அளவிலேயே மந்தை மேய்ச்சலை விட்டுச் சிதறி ஓடுகிறது. இக்கலக்கத்தை லின்னேயஸ் நேரில் கண்டு தம் பயணக் குறிப்பில் எழுதினார். கோடையில் மந்தைகள் காற்று வீசும் உயரங்களையும் எஞ்சிய பனித்திட்டுகளையும் நாடுவதற்கு இத்தகைய பூச்சிகளின் தொல்லை ஒரு முக்கியக் காரணம் என்பதால், அம்மந்தைகளைப் பின்தொடர்ந்து வாழும் ஸாமி மக்களின் இடப்பெயர்ச்சியிலும் இந்த ஈக்குப் பங்குண்டு எனலாம்.

கருணையுள்ள இறைவன் இதை ஏன் படைத்தான்? உலகில் துன்பம் இருப்பதை இறைவனின் நன்மையோடு இசைவிக்க முயலும் வாதம் இறைநீதி வாதம் எனப்படும். 1749இல் லின்னேயஸின் வழிகாட்டுதலில் வெளியான 'இயற்கையின் பொருளாட்சி' என்னும் ஆய்வுரை தரும் விடை இவ்வகைப்பட்டது: ஒன்றின் பிறப்பும் வாழ்வும் அழிவும் மற்றொன்றின் வாழ்வுக்குப் பயன்படுகின்றன; ஓரினம் அளவு கடந்து பெருகாதபடி மற்றோரினம் காக்கிறது; எனவே கொடுமையாகத் தோன்றுவதும் முழுமையில் ஒழுங்கே. இவ்விடை எண்ணிக்கையின் சமநிலையை விளக்குகிறதே தவிர, முதுகில் புழுக்களைச் சுமந்து குளிர்காலத்தைக் கழிக்கும் ஒரு தனி விலங்கின் நோவை விளக்கவில்லை. முழுமையின் நலத்தைக் காட்டித் தனியுயிரின் துன்பத்தைக் கணக்கிலிருந்து நீக்குவது, எத்துணைப் பக்தியோடு செய்யப்பட்டாலும், நீதியாகாது. நூறாண்டுக்குப் பின்னர், 1860இல், உயிருள்ள புழுக்களின் உடலுக்குள் இருந்து தின்னும் குளவிகளைக் கருணையுள்ள இறைவன் வேண்டுமென்றே படைத்திருப்பான் என்று தம்மால் ஏற்க இயலவில்லை எனச் சார்லஸ் டார்வின் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதியது இத்தடையை முன்னிட்டேயாகும்.

அதே காடுகளில் வேறொரு சமய உணர்வும் இருந்தது. ஸாமி மக்கள் கரடியை வேட்டையாடி உண்டனர். உண்டபின் அதன் எலும்புகளைத் திரட்டி, உடலில் இருந்த முறைப்படி அடுக்கிப் புதைத்தனர். அத்தகைய கரடிக் கல்லறைகள் சுவீடனிலும் நார்வேயிலும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. கரடி எதற்காகப் படைக்கப்பட்டது என்று இச்சடங்கு கேட்கவில்லை. கொன்றவனுக்குக் கொல்லப்பட்டதன்பால் கடமை உண்டு என்பதை மட்டும் அது ஏற்றுக்கொள்கிறது. ஒரு தனி உயிருக்குச் செலுத்தப்படும் மரியாதை என்ற அளவில், ஆய்வுரையின் பேரொழுங்கு எட்டாத இடத்தை இது எட்டுகிறது. சபையோ இவ்வுணர்வைப் பேய்வழிபாடு என்று ஒடுக்கியது. லின்னேயஸ் அங்குச் செல்வதற்கு 39 ஆண்டுகளுக்கு முன், 1693இல், லார்ஸ் நில்சன் என்னும் ஸாமி முதியவர் தம் சடங்குப் பறையோடும் வழிபாட்டு உருவங்களோடும் ஆர்யெப்லோக்கில் எரிக்கப்பட்டார். 1737இல் வரையப்பட்ட ஓவியத்தில் லின்னேயஸ் ஸாமி உடையணிந்து அத்தகைய பறையொன்றை இடையில் தொங்கவிட்டு நிற்கிறார். ஒரு மக்களின் வழிபாட்டுப் பொருள் அறிஞரின் பயணச் சான்றாக மாறிவிட்டதைக் காண்பது வருத்தம் தருவது.

எனினும் லின்னேயஸின் பணி அவருடைய விடையைவிடப் பெரியது. 1758இல் வெளிவந்த 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பில் துருவமான் ஈயும் மனிதனும் ஒரே அட்டவணைக்குள் இடம்பெற்றனர். மனிதன் குரங்குகளோடும் வௌவால்களோடும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டான். பயன் எது என்று ஈயிடம் கேட்பவன் அந்த அட்டவணைக்கு வெளியே நின்று கேட்க இயலாது. படைப்பைக் கண்டு போற்றுவதே மனிதனின் பணி என்பது லின்னேயஸ் தாமே கொண்டிருந்த கருத்து. அக்கருத்தில் காணுதல் என்னும் பாதியை அவர் குறைவின்றிச் செய்தார். துருவமான் மந்தை அஞ்சிச் சிதறியதை ஒன்றும் மறைக்காமல் எழுதிய அவருடைய குறிப்பு, அதற்குப் பின்னர் அவர் அளித்த நியாயங்களைக் காட்டிலும் சமயத் தன்மை மிக்கதாக மதிக்கத் தக்கது.