ஷட்டரைத் தூக்கு!

"எல்லாம் போச்சு அண்ணாச்சி. இனி என்னத்த வச்சுப் பிழைக்க?"

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் கடைவீதிகளில் இந்தக் குரல்தான் கேட்டது.

நீயும் ஒருநாள் இதைச் சொல்லியிருப்பாய். வெள்ளத்தில் சரக்கைப் பறிகொடுத்துச் சொல்லியிருக்கலாம். கடனில் கடையைப் பறிகொடுத்துச் சொல்லியிருக்கலாம்.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. போனது எது, இருப்பது எது என்று கணக்குப் பார்த்தாயா?

பார்க்கவில்லை! பார்க்காமலேயே "எல்லாம்" என்று சொல்லிவிட்டாய்.

வா, பார்ப்போம்.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் தேதி. குமரிக்கடல் பக்கம் வளிமண்டலத்தில் ஒரு சுழற்சி. அது புயல்கூட இல்லை. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது! திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62.

இந்த மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதைச் சேர்த்தாலே சராசரி 66 சென்டிமீட்டர்தான். அத்தனையும் ஒரே பொழுதில் இறங்கினால் எந்தக் குளம் தாங்கும்? எந்தக் கரை நிற்கும்?

கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தாமிரபரணி விநாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் சுமந்துகொண்டு ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டிக் கடலுக்கு ஓடியது. வழியில் ஏரல் கடைவீதியை விழுங்கியது. தூத்துக்குடி முத்தம்மாள் காலனியிலும் பிரையண்ட் நகரிலும் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை.

உயிர்களும் போயின. அந்தக் குடும்பங்களிடம் நான் "எழுந்திரு" என்று சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு வாயில்லை. அவர்கள் பக்கத்தில் போய் உட்காரத்தான் வேண்டும்.

நான் பேசுவது உன்னிடம். சரக்கை இழந்து உயிரோடு நிற்கிற உன்னிடம்!

ஏரல் எப்படிப்பட்ட ஊர் என்று தெரியுமா? சுற்றுப்பட்டிக் கிராமத்து ஜனமெல்லாம் ஜவுளிக்கும் பாத்திரத்துக்கும் நகைக்கும் வந்து சேரும் ஊர். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம். பொங்கலுக்கு ஒரு மாதம்கூட இல்லை. கடன் வாங்கிச் சரக்கு இறக்கி அடுக்கி வைத்திருந்த நேரம்.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு சின்ன மளிகைக் கடைக்குள் நுழைந்து பார்.

ஷட்டர் பாதிக்கு மேல் ஏறாது. இரண்டு பக்கக் காடியிலும் சேறு இறுகியிருக்கும். குனிந்துதான் உள்ளே போக வேண்டும்.

சர்க்கரை மூட்டை இருந்த இடத்தில் வெறும் சாக்கு கிடக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது, கரைந்து போயிருக்கும். அரிசி ஊதிப் புளித்து, வாசலிலேயே மூக்கைப் பொத்த வைக்கும். ஃபிரிட்ஜ் மிதந்து போய்க் கல்லாவுக்குக் குறுக்கே மல்லாந்து கிடக்கும்.

சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவினால் பற்று வரவு நோட்டு வரும். பக்கம் பக்கமாக ஒட்டிப்போயிருக்கும்.

அந்த நோட்டை என்ன செய்வாய்? தூக்கி எறிவாயா?

எறியாதே! பிரி. ஒவ்வொரு தாளாகப் பிரி. வெயிலில் காயவை. உன் மூலதனம் அதில்தான் இருக்கிறது!

யார் யார் உன்னை நம்பிச் சாமான் வாங்கினார்கள் என்று அதில் இருக்கிறது. எந்த மொத்த வியாபாரி உன்னை நம்பிச் சரக்கு அனுப்பினார் என்று அதில் இருக்கிறது. மை கலைந்திருக்கலாம். நம்பிக்கை கலைந்துவிட்டதா?

எந்த வீட்டில் எந்த அரிசி போகும் என்று உனக்குத் தெரியும். எந்தப் பாட்டிக்கு எந்த வெற்றிலை பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். எந்த மாதம் எது விற்கும், எது தேங்கும் என்று தெரியும். அதை எந்த ஆறு அடித்துப் போகும்?

போனது சரக்கு. வியாபாரி போகவில்லை!

"சொல்வது சுலபம். கையில் காசில்லையே" என்கிறாய்.

சரி. காசு இல்லாதவர்கள் வியாபாரம் செய்வதை உனக்குக் காட்டுகிறேன். பெரியதாழைக்கு வா!

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடி. ஒரு பக்கம் செம்மண் தேரியும் பனையும். மறுபக்கம் கடல். சும்மா இருக்கிற கடல் இல்லை. கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டித்தான் தடுக்க வேண்டும் என்கிற அளவுக்குக் கரையைத் தின்ற கடல்.

இந்தக் கரையோர ஊர்களில் மீன்கூடை சுமக்கும் அக்காமார்களைப் பார்த்திருக்கிறாயா? விடியுமுன் கரையில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றி, உள்நாட்டு ஊர்களுக்கு மீன் கொண்டு போகிறவர்கள். அவர்களுக்கு ஷட்டர் கிடையாது. கல்லாப்பெட்டி கிடையாது. தலைச்சுமைதான் கடை!

டிசம்பர் வெள்ளத்தில் சாலை அறுந்தது. சாலை அறுந்தால் அவர்களுடைய கடை மூடினதாகத்தானே அர்த்தம்? வீடு முழுக்கச் சேறு கிடக்கிற ஊரில் மீன் வாங்க யாரிடம் காசு இருக்கும்?

அவர்களுடைய சரக்கு காப்பாற்றி வைக்க முடியாத சரக்கு. இன்று விற்காத மீன் நாளைக்கு எருவுக்குத்தான். நாள்தோறும் முதலைப் பணயம் வைக்கிற வியாபாரம் அது!

ஆனாலும் தினம் காலையில் முந்தானையில் முடிந்திருக்கிற காசை எடுத்துக்கொண்டு ஏலத்துக்கு வருகிறார்கள். காணாவிட்டால் கைமாத்து வாங்கிக்கொண்டு வருகிறார்கள். வாங்கின இடத்தில் சாயங்காலமே திருப்பிக் கொடுக்கிறார்கள். அதனால்தான் மறுநாளும் கிடைக்கிறது.

காசில்லை என்கிறாயே, உனக்குக் கைமாத்துக் கொடுக்க நாலு பேர் இருக்கிறார்களா? இருந்தால் நீ ஏழையில்லை. இல்லாவிட்டால், அந்த நாலு பேரை இன்றைக்குச் சம்பாதிக்கத் தொடங்கு!

அந்த வெள்ளத்தில் இந்தக் கரை செய்த இன்னொரு காரியத்தையும் கேள்.

உள்நாட்டுக் கிராமங்கள் தீவாகக் கிடந்தன. மொட்டை மாடியில் ஜனம் நின்றது. அப்போது கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றினார்கள்! கடலுக்குப் போகிற படகு ஊருக்குள் போனது. நெல் வயலுக்கு மேலும் வாழைத் தோட்டத்துக்கு மேலும் ஓடியது. வேலியிலும் கம்பத்திலும் மோதி நொறுங்கினால் அவர்களுடைய பிழைப்பே நொறுங்கும். தெரிந்துதான் போனார்கள்.

2018-ல் கேரளாவிலும் இதுவே நடந்தது. 600-க்கும் மேற்பட்ட மீன்பிடிப் படகுகள் வெள்ளத்துக்குள் இறங்கின. 65,000 பேருக்கு மேல் மீட்டார்கள் என்பது அந்த அரசாங்கமே சொன்ன கணக்கு.

அவர்கள் யாராவது "எனக்கு என்ன கிடைக்கும்" என்று கேட்டுவிட்டுப் படகில் ஏறினார்களா?

அதே டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தைப் பார். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில். ஏறக்குறைய 800 பயணிகள். நிலைய அதிகாரி ஜாபர் அலி வண்டியை மேலே போக விடவில்லை. அந்த ஒரு முடிவு! முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப் போய்க் கம்பி அந்தரத்தில் தொங்கியது.

உயிர் தப்பியது. சோறு?

பக்கத்துப் புதுக்குடி மக்கள் வந்தார்கள். அவர்களைச் சுற்றியும் வெள்ளம். கடைக்குப் போக வழியில்லை. வீட்டில் இருந்த அரிசியைத்தான் கொண்டு வந்தார்கள். கோயிலில் அடுப்பு மூட்டினார்கள். பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான பேருக்கு ஆக்கிப் போட்டார்கள்.

தாங்களே வெள்ளத்துக்கு நடுவில் கிடந்தவர்கள் அடுத்தவர் பசியாற்றினார்கள். நீ உன் கடையைக் கூட்டிப் பெருக்கக்கூட மனசில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாய்!

கோபம் வருகிறதா? வரட்டும். அந்தக் கோபத்தோடு எழுந்து வாரியலை எடு!

"அரசாங்கம் ஒன்றும் தரவில்லை" என்பாய். கடுமையாகப் பாதித்த வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் தந்தது. போதாதுதான். அன்றைய விலைக்கு ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்கக்கூடக் காணாது. குளத்தைத் தூர்வாராதது யார், வாய்க்காலை மறித்துக் கட்டிடம் கட்ட விட்டது யார் என்று கேள். மனு எழுது. சங்கத்தைக் கூட்டு. விடாதே!

ஆனால் பதில் வருகிறவரைக்கும் கடையைப் பூட்டி வைப்பேன் என்று சொல்லாதே. பூட்டினால் யாருக்கு நஷ்டம்? உன் வாடிக்கையாளர் எத்தனை நாள் காத்திருப்பார்? அவருக்கும் வீட்டில் உலை கொதிக்க வேண்டாமா?

முதல் நாள் பத்து தீப்பெட்டி, பத்து மெழுகுவத்தி, ஒரு பெட்டி பிஸ்கட் போதும். ஸ்டூல் போட்டு வாசலில் வைத்து உட்கார். கரண்ட் இல்லாத தெருவில் அதைத்தான் ஜனம் தேடுகிறது! "அண்ணாச்சி கடை திறந்துட்டாரு" என்ற பேச்சு அடுத்த தெருவுக்குப் போகட்டும். அந்தப் பேச்சுக்கு விலை உண்டா?

"மறுபடியும் வெள்ளம் வந்தால்?"

இதோ, இதுதான் நிஜமான பயம். காசில்லை, அரசாங்கம் தரவில்லை என்பதெல்லாம் மேலே போர்த்தின துணி. உள்ளே இருப்பது இந்தப் பயம்.

நான் உன்னிடம் பொய் சொல்லப் போவதில்லை. வரும்! இந்தத் தாமிரபரணி 1992 நவம்பரிலும் இப்படி வந்தது. நாளைக்கும் வரும்.

ஏரலுக்குப் பக்கத்தில்தான் கொற்கை இருக்கிறது. பாண்டியனின் முத்துத் துறைமுகம். தூர தேசத்துக் கப்பல்கள் தேடி வந்த இடம். இன்றைக்குப் போய்ப் பார், கடல் கண்ணுக்கே தெரியாது. இதே தாமிரபரணிதான் மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் துறைமுகத்தைத் தூர்த்தது.

வியாபாரி செத்தானா? கடல் போன பக்கம் போனான். காயலில் துறைமுகம் போட்டான். மார்க்கோ போலோ வந்து வியந்து எழுதிய துறைமுகம் அது! அதுவும் தூர்ந்தது. தூத்துக்குடிக்குப் போனான்.

முத்தும் போனது. 1961-க்குப் பிறகு இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. முத்தெடுத்த பரம்பரை மூச்சடக்கிச் சங்கெடுத்தது. வலை வீசியது. கப்பலேறிப் போனது. உப்பளத்தில் நின்றது.

ஆற்றைத் தோற்கடித்தவன் யாருமில்லை. ஆற்றோடு சேர்ந்து வாழப் படித்தவர்களின் பிள்ளை நீ! உனக்கு ஏன் இத்தனை நடுக்கம்?

பயப்படாதே என்று சொல்ல வரவில்லை. பயப்படு! பெரியதாழை மீனவருக்குப் பயம் இல்லையென்றா நினைக்கிறாய்? புயல் எச்சரிக்கை வந்தால் அவர் கடலுக்குப் போவதில்லை. படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டுகிறார். இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போகிறார். உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பார்க்கிறார். பயம் அவரை வேலை செய்ய வைக்கிறது. உன்னை ஏன் படுக்க வைக்கிறது?

போன தடவை தண்ணீர் எது வரைக்கும் ஏறியது? சுவரில் கறை இருக்கிறதே, அதை வெள்ளையடித்து மறைக்காதே! அதற்கு மேலே பலகை அடி. விலை கூடின சரக்கு மேலே. பிளாஸ்டிக் வாளியும் குடமும் கீழே. மெயின் சுவிட்சும் அந்தக் கோட்டுக்கு மேலே போகட்டும்.

பற்று வரவை ராத்திரி கடை சாத்துமுன் செல்போனில் படம் பிடித்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பு. இருப்புச் சரக்கை மாதம் ஒரு தடவை அப்படியே படம் எடு. நாளைக்கு நஷ்டத்தை நிரூபிக்க அதுதான் சாட்சி.

அடுத்தது காப்பீடு. வாய்விட்டுச் சொல், உன் கடைக்குக் காப்பீடு இருக்கிறதா?

"அதெல்லாம் பெரிய முதலாளிகளுக்கு" என்று சொல்லாதே! சொத்து மதிப்பு ஐந்து கோடி ரூபாய்க்கு உட்பட்ட சின்னத் தொழிலுக்கும் கடைக்கும் என்றே 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி 2021 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. தீ மட்டுமல்ல, வெள்ளமும் புயலும் அதில் அடங்கும். வங்கியில் கடன் வாங்கியிருந்தால் உன் சரக்குக்கு அவர்களே காப்பீடு போட்டிருக்கவும் கூடும். உன் கணக்கிலிருந்து பணம் போயிருக்கும், உனக்கே தெரிந்திருக்காது. போய்க் கேள்! தாளைக் கையில் வாங்கிப் பார். வெள்ளம் என்ற சொல் அதில் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடு.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும். அதற்கு முன்னால் பலகை ஏற வேண்டும், பாலிசி கைக்கு வர வேண்டும்.

நாளைக் காலை வங்கி திறக்கிற நேரத்துக்கு வாசலில் நில்.