சிற்றினம் உளதோ: ஈனோத்தெராவை முன்வைத்து ஒரு விசாரணை

ஒரு செடியை இன்ன சிற்றினம் என்று அறுதியிட்டுக் கூறுபவர், அச்செடியில் மெய்யாகவே உள்ள ஒன்றைக் கண்டுரைக்கிறாரா, அல்லது தம் அறிவு வகுத்துக்கொண்ட பாகுபாட்டை அதன்மேல் ஏற்றிவைக்கிறாரா என்னும் வினா, இந்தியத் தத்துவ மரபு நெடுங்காலம் விவாதித்த ஒரு பெருவினாவின் கிளையாகும். பசுக்கள் பலவாயினும் அவை அனைத்திலும் ஒரே பசுத்தன்மை அழிவின்றி உறைகிறது என்றும், சாமானியம் எனப்படும் அப்பொதுமையும் மெய்ப்பொருளே என்றும் வைசேடிகர் கொண்டனர்; மணிமேகலையில் வரும் வைசேடிக வாதியும் தன் ஆறு பதார்த்தங்களுள் சாமானியத்தை எண்ணுகிறான். அத்தகைய பொதுப்பொருள் தனித்து இல்லை, ஒரு சொல் தனக்குப் புறம்பானவற்றை விலக்குவதாலேயே பொருள் உணர்த்துகிறது என்று பௌத்த அளவை நூலாசிரியரான திக்நாகர் மறுத்தார். விலக்கல் எனப் பொருள்படும் அபோகக் கொள்கை அதுவே. இவ்விரு நிலைகளையும் உரைத்துப் பார்ப்பதற்கு, ஈவ்னிங் பிரிம்ரோஸ் என வழங்கும் ஈனோத்தெரா என்னும் பேரினத்தைப் போல ஏற்ற சான்று தாவர உலகில் அரிது.

அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இச்செடிகள் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அடைந்து, பின்னர் இருப்புப்பாதை ஓரங்களிலும் கடற்கரை மணல்மேடுகளிலும் தரிசுகளிலும் தாமாகவே பரவின. நான்கு அல்லி இதழ்கள், பின்னோக்கி மடியும் நான்கு புல்லி இதழ்கள், எட்டு மகரந்தத்தாள்கள், சிலுவைபோல நான்காகப் பிரியும் சூல்முடி, பூவுக்கும் சூலகத்துக்கும் இடையே காம்பு போலத் தோன்றும் நீண்ட குழல் ஆகியவற்றைக் கொண்டு பேரினத்தை அறிவது எளிது. அந்தி நேரத்தில் சில நிமிடங்களில் விரிந்து, நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகளை ஈர்த்து, மறுநாளே வாடிவிடும் மஞ்சள் பூக்களை உடைய செடிகளுக்குள் சிற்றினத்தைப் பிரித்தறியும்போதுதான் இடர் தொடங்குகிறது.

ஐரோப்பாவில் பெரிதும் காணப்படும் இரண்டினை எடுத்துக்கொள்ளலாம். ஈனோத்தெரா பயன்னிஸ் என்பதில் இதழ்கள் பெரும்பாலும் 3 செ.மீ. நீளத்தை மிஞ்சுவதில்லை, சூல்முடி மகரந்தப்பைகளின் நடுவே நிற்பதால் பூ தன் மகரந்தத்தையே ஏற்றுச் சூல்கொள்கிறது. ஈனோத்தெரா கிளாசியோவியானா என்பதில் இதழ்கள் அதனினும் பெரியவை. சூல்முடி மகரந்தப்பைகளுக்கு மேலே உயர்ந்து நிற்கிறது. தண்டிலுள்ள மயிர்களின் அடி சிவந்து பருத்திருக்கும். புல்லி இதழ்களிலும் செந்நிறம் படரும். கள வழிகாட்டி நூல்கள் இத்தகைய பண்புகளை இரண்டிரண்டாக எதிரெதிரே நிறுத்தி, ஒவ்வொரு படியிலும் ஒன்றை விலக்கிக்கொண்டே சென்று, எஞ்சி நிற்பதற்குப் பெயரிடுகின்றன. திக்நாகர் சொல்லுக்கு உரைத்த விலக்கலே இங்குச் செயல்முறையாக நிகழ்கிறது எனலாம்.

ஆனால் இவ்விரண்டும் அருகருகே வளரும் இடங்களில் கலப்பினங்கள் தோன்றுகின்றன என்பதோடு, அக்கலப்பினங்களுள் பல, சிதறிப்போகாமல், தலைமுறைதோறும் தம்மையே ஒத்த சந்ததியைத் தருகின்றன என்பதே வியப்புக்குரியது. இவ்வாறு நிலைத்த ஒவ்வொரு வடிவத்துக்கும் தனிப்பெயர் சூட்டிய ஐரோப்பிய ஆய்வாளர் பல பத்துச் சிற்றினங்களை எண்ணினர். டீட்ரிக், வாக்னர், ரேவன் ஆகிய மூவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வுநூலோ, இச்செடிகள் அடங்கிய துணைப்பிரிவு முழுவதற்கும் 13 சிற்றினங்களையே ஏற்றது.

இந்நிலைபேற்றின் காரணத்தைத் தேடிய வரலாறு, டச்சுத் தாவரவியலாளர் ஹ்யூகோ டி விரீஸிடம் தொடங்குகிறது. ஹில்வெர்சும் ஊருக்கு அருகே கைவிடப்பட்ட ஓர் உருளைக்கிழங்கு வயலில் அவர் 1886இல் கண்ட ஈனோத்தெரா லாமார்க்கியானா, இன்று கிளாசியோவியானாவாகக் கருதப்படுவது, வளர்ப்பில் தன்னின் வேறான செடிகளை இடையிடையே தந்தது. அதைக்கொண்டு சிற்றினங்கள் ஒரே தாவலில் தோன்றுகின்றன என்னும் சடுதிமாற்றக் கொள்கையை 1901 முதல் 1903 வரை அவர் நூலாக்கினார். அவர் புதுச் சிற்றினங்களாகக் கொண்டவற்றுள் ஜைகாஸ் என்பது வழக்கமான 14 குரோமோசோம்களுக்கு மாறாக 28 உடையது என்றும், லாட்டா என்பது 15 உடையது என்றும் பின்னர்த் தெரியவந்தது.

பின்வந்த தாவரவியலாளர்களான ஒட்டோ ரென்னரும் ரால்ஃப் கிளேலண்டும் செய்த ஆய்வுகள் இன்னும் ஆழமான உண்மையைக் காட்டின. லாமார்க்கியானா தூய இனமன்று. காடென்ஸ், வேலன்ஸ் என ரென்னர் பெயரிட்ட இரு மரபணுத் தொகுதிகளை ஒருங்கே தாங்கிய நிலைத்த கலப்பு அது. பாலணுக்களை உருவாக்கும் குன்றல் பகுப்பின்போது அதன் குரோமோசோம்களுள் 12, இணை இணையாகச் சேராமல், முனையோடு முனை கோத்து வளையமாகி, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரிவதால், இரு தொகுதிகளும் சிதையாமல் அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. ஒரே தொகுதியை இருமடங்காகப் பெற்ற கருக்கள் மடிந்துபோக, இரண்டையும் பெற்றவை மட்டுமே பிழைக்கின்றன; அதனால் விதைகளில் ஏறத்தாழப் பாதி பாழாகின்றன.

இதன் தத்துவப் பொருள் பெரிது. தலைமுறைதோறும் மாறாத ஒற்றுமையே பொதுமை மெய் என்பதற்கு வலுவான சான்றாகத் தோன்றுவது. இங்கோ அவ்வொற்றுமை, உள்ளுறையும் அழியாச் சாரத்தினால் அன்றி, பாதிக் கருக்களின் இறப்பினால் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக ஈட்டப்படுகிறது. ஆதலின் வைசேடிகர் நாடிய நித்தியப் பொதுமைக்கு இச்செடியில் இடமில்லை. எனினும் சிற்றினம் வெறும் மனக்கற்பனை என்று கூறவும் இச்செடி இடந்தரவில்லை. சூல்முடி சற்றே உயர்ந்து நிற்பது, அச்செடி பிற செடியின் மகரந்தத்தை ஏற்குமா, தன்னுள்ளேயே அடங்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. இவ்வாறு செடிகளுக்கிடையே அமையும் எல்லையை மனிதர் கண்ணுற்றாலும் காணாவிடினும் அது செயற்படுகிறது.

எனவே சிற்றினம் உளது. ஆனால் அது செடிகளுக்கிடையே நிகழும் பிறப்புறவின் வரலாறாக உளது. வரலாறு கிளைக்கும், கலக்கும்; ஆகவே எல்லைகள் சில இடங்களில் தெளிவாகவும் சில இடங்களில் மங்கலாகவும் இருப்பது அறிவின் குறை மட்டுமன்று, பொருளின் இயல்புமாகும். வெளியில் ஒரு செடியை அடையாளம் காண்பவர் ஒற்றைப் பூவின் அளவை நம்பாமல், தண்டின் மயிர், புல்லியின் நிறம், சூல்முடியின் உயரம், அருகில் வளரும் பிற செடிகள் ஆகிய அனைத்தையும் குறித்துக்கொண்டு, பெயர் பொருந்தாதபோது கலப்பினம் என்றே பதிவுசெய்வது, தயக்கத்தின் அடையாளமன்று. உள்ளதை உள்ளவாறு கூறும் வாய்மையின் கடமையே ஆகும்.