இருமுறை வந்த சொல்

திருச்சுழியைச் சுற்றியுள்ள வானம் பார்த்த பூமியில், "அமீனா வருகிறார்" என்ற சொல் ஒரு காலத்தில் வீடுகளை நடுங்கச் செய்தது. மழை பொய்த்து, கண்மாய் வற்றி, கடன் அடைபடாதபோது, நீதிமன்றக் கட்டளையோடு ஜப்தி செய்ய வருபவர் அவர். அவ்வூர்ப் பிள்ளைகளே மதரஸாவில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மக்கத்தார் 'அல் அமீன்', நம்பிக்கைக்குரியவர், என அழைத்ததை ஓதினர். "இரண்டும் ஒரே சொல்லா, ஹஜ்ரத்?" என்று ஒரு மாணவர் கேட்டார். ஆம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆயினும் உண்மை அதுவே. அரபுச் சொற்கள் இரு வழிகளில் தமிழை அடைந்தன. காயல்பட்டினம், கீழக்கரைத் துறைகளில் இறங்கி, அரபுத்தமிழ் ஏடுகளில் தங்கியவை சில. பாரசீகத்துள் புகுந்து, முகலாயர், ஆர்க்காட்டு நவாபு ஆகியோரின் வருவாய்க் கணக்குகளைக் கடந்து, கும்பினியார் நீதிமன்றத்தில் அமர்ந்தவை சில. முன்வழி வந்தது அமீன். பின்வழி வந்தது அமீனா. வக்கீலும் அவ்வாறே. பொறுப்பேற்றுக் காப்பவன் என்னும் பொருளில் 'அல் வகீல்' இறைவனின் திருநாமம், வழக்காடுபவரும் வக்கீலே. 1879இல் ரமண மகரிஷி இவ்வூரில் பிறந்தபோது, அவர் தந்தையார் சுந்தரமய்யர் இங்கு வக்கீலாகத் தொழில் புரிந்து வந்தார்.

இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு மொழியின் ஒரே சொல்லை இரு வட்டார வழக்குகளிலிருந்து பெற்ற ஆங்கிலேயர், வார்டன் என்றும் கார்டியன் என்றும் வைத்துக்கொண்டனர். முன்னவர் விடுதியைக் காக்கிறார். பின்னவர் பிள்ளையைக் காக்கிறார்.

இருமுறை வாங்குவதால் மொழிக்கு நட்டமில்லை, சொல்வளம் பெருகுகிறது. ஆபத்து மனிதனுக்குத்தான். உச்சரிப்பைத் திருத்திவிட்டால் பள்ளிவாசற் சொல்லில் கடைத்தெரு மாசு படியாது என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட மூதாட்டி ஒருவர் சிறுதொகையை என்னிடம் ஒப்படைத்தார். அவசரத்துக்கு அதில் எடுத்தேன். அவர் திரும்புமுன் வைத்துவிட்டேன். கணக்கில் குறையில்லை. பாடத்தில் 'அமானத்' என்னும் சொல்லை மட்டும் மிகத் திருத்தமாக உச்சரித்தேன். அமீன் பிறந்த வேரிலேயே பிறந்த சொல் அது. அமீனாவாவது கட்டளை பெற்றே பிறர் பொருளைத் தொட்டார். நான் எந்தக் கட்டளையைப் பெற்றேன்?

ஒரு சொல் ஈரிடத்தில் ஈருருவம் பெறலாம். நாணயம் அவ்வாறு பெறலாகாது. மூதாட்டியிடம் நடந்ததைச் சொல்லிப் பொறுத்தருளுமாறு கேட்டேன். அதன் பிறகே அம்மாணவரிடம், "ஒரே சொல்தான், தம்பி" என்று சொல்ல எனக்கு நா எழுந்தது.