தெரியாததைக் கேளுங்கள்

கோவில்பட்டி நேஷனல் பொறியியல் கல்லூரி 1984இல் தொடங்கியது. அங்கும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் படித்துவிட்டு, சென்னைக்கும் பெங்களூருக்கும் மென்பொருள் வேலைக்குப் போகும் பிள்ளைகளில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். அம்மா தீப்பெட்டி ஆபீசில் கூலிக்குப் போனது, அப்பா மானாவாரியில் உளுந்தும் பருத்தியும் போட்டது, பற்றாக்குறைக்கு வங்கிக் கல்விக்கடன், இத்தனையும் சேர்ந்துதான் அந்த வேலை. கிடைத்ததை விட்டுவிடக் கூடாது என்ற பயம் நியாயமானது. அந்தப் பயமே வாயைக் கட்டிப்போடுவதுதான் கொடுமை.

காலை மீட்டிங்கில் லீட் கேட்கிறார், "எப்படிப் போகுது?" "போயிட்டிருக்கு சார், நாளைக்கு முடிஞ்சிரும்." உண்மையில் பல நாளாக ஒரே எரரோடு மல்லுக்கட்டு. இதுகூடத் தெரியாதா என்று கேட்டுவிடுவார்களோ, இங்கிலீஷ் தடுமாறுமோ என்ற தயக்கம். கெடு முடிந்து குட்டு உடையும்போது, தெரியாமல் இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லாமல் இருந்ததைத்தான் மறக்கமாட்டார்கள். அடுத்த முறை "முடிந்துவிட்டது" என்று உண்மையையே சொன்னாலும் ஒருமுறை சரிபார்ப்பார்கள்.

கரிசல் சம்சாரி மழை பெய்த மறுநாளே ஏர் பூட்டமாட்டார். மண்ணை அள்ளிப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் பக்கத்துப் புஞ்சைக்காரரிடம், "பதம் வந்திருச்சா அண்ணாச்சி?" என்று கேட்பார். காலமெல்லாம் உழுதவருக்கு இல்லாத கூச்சம் அவர் பிள்ளைக்கு எதற்கு?

கேட்பதற்கும் முறை உண்டு. "அண்ணா, ஓடமாட்டேங்குது" என்றால் எவராலும் உதவ முடியாது. "லாகின் பட்டனை அழுத்தினா 500 எரர் வருது. லாக்கைப் பார்த்தேன், டேட்டாபேஸ் கனெக்ஷன்ல நிக்குது. பாஸ்வேர்டு சரி, போர்ட்டும் சரி. அடுத்து எதைப் பார்க்கணும்னு தெரியலை." இப்படிக் கேட்பவருக்கு உதவ எந்த சீனியரும் நாற்காலியைத் திருப்புவார். இவ்வளவையும் எழுதி முடிப்பதற்குள் பல சமயம் விடையே கிடைத்துவிடும்.

தப்பு நடந்தாலும் இதே வழிதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், வேறொரு சர்வர் என்று நினைத்து, முதன்மை டேட்டாபேஸையே அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. அவர் மறைக்கவில்லை. உடனே சொன்னார். அன்றைக்கு இனித் தான் எதையும் தொடாதிருப்பது நல்லது என்று மீட்பு வேலையைச் சக ஊழியரிடம் ஒப்படைத்தார். தேடிப் பார்த்தால் பேக்கப் முறைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரித்தன. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. நிறுவனமும் நடந்தது முழுவதையும் உலகத்துக்கு எழுதி வைத்தது, அவர் பெயரைப் போடாமல். ஒருவர் கை தவறியது சிறிய செய்தி. வேலை செய்யாத பேக்கப்பை யாரும் சோதித்துப் பார்க்காததே பெரிய செய்தி. உடனே உண்மையைச் சொன்னதால்தான் அது வெளியே வந்தது.

கேட்டவரை எல்லார் முன்னாலும் மட்டம் தட்டும் லீட்களும் இருக்கிறார்கள். அது கேட்டவர் குற்றம் ஆகாது. அப்படிப்பட்ட இடத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டு, காலம் பார்த்து வேறு டீமுக்கு நகர்வதே சரி.

நம் பக்கத்திலிருந்து போய் நிலைத்துவிட்ட அண்ணன்மார், அக்காமாரிடம் ஒன்று கேட்கிறேன். புதிதாக வந்த பிள்ளை தயங்கி நின்றால் நீங்களே பக்கத்தில் உட்காருங்கள். தமிழிலேயே கேட்கவிடுங்கள். டிக்கெட்டில் இங்கிலீஷில் எழுதுவது எழுத எழுத வந்துவிடும்.