அவசரம் இல்லாத கல்லா

பால் பெட்டியை எடுத்து, பெயர் எழுதிய பக்கம் வெளியே தெரியும்படி தட்டில் வைக்க வேண்டும். புதிதாக வந்தது பின்னால், பழையது முன்னால். ஒன்று விற்றுப்போனால் அடுத்ததை முன்னுக்கு இழுத்து, இடைவெளியை மூட வேண்டும். யாராவது உள்ளே வந்தால் வரவேற்றுவிட்டுக் கல்லாவுக்குப் போக வேண்டும். உலகத்தில் லட்சக்கணக்கானவர்கள் சம்பளத்துக்காகச் செய்துவிட்டுக் கால் வலியோடு வீடு திரும்புகிற வேலை இது. இதையே விடுமுறை நாளில் விரும்பிச் செய்வதற்கென்று ஒரு கணினி விளையாட்டு இருக்கிறது.

‘இன்கொன்பினி’ என்று அதற்குப் பெயர். டோக்கியோவில் இயங்கும் நகாய் இண்டஸ்ட்ரீஸ் என்ற சிறு குழுவின் ஆக்கம். ஜப்பானில் தெருவுக்குத் தெரு இரவு பகலாகத் திறந்திருக்கும் சிறு கடையைக் கொன்பினி என்பார்கள். கதை நடக்கும் காலம் 1990களின் தொடக்கம், இடம் ஒரு சிற்றூர். மகோட்டோ என்ற கல்லூரி மாணவி விடுமுறைக்கு வந்து, உறவில் பெரியவர் ஒருவரின் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். சுட்டு வீழ்த்த எதிரி இல்லை, தாண்டிக் குதிக்கப் பள்ளம் இல்லை. சரக்கை அடுக்குவது, தீர்ந்ததற்கு ஆர்டர் போடுவது, வருகிறவர்களோடு பேசுவது, அவ்வளவுதான். நாம் என்ன பதில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து அவர்களுடைய கதை கொஞ்சம் திசை மாறும்.

மகள்தான் இதை எனக்குக் காட்டினாள். நான் வங்கியில் பணம் வாங்கும், கொடுக்கும் கவுன்டரில் பல வருஷம் உட்கார்ந்தவள். நாள் முழுக்க அலுவலகத்தில் உழைத்துவிட்டு வந்தவர்கள் இன்னொரு கவுன்டருக்குப் பின்னால் போய் நிற்க ஆசைப்படுவார்களா என்றுதான் முதலில் தோன்றியது. பார்க்கப் பார்க்க எனக்கும் கை பரபரத்தது. அடுக்கி முடித்த தட்டைப் பார்க்கும்போது வருகிற நிறைவு பொய்யில்லை. அப்படியானால் நம்மைக் களைக்க வைப்பது எது? வேலையா, வேலையோடு ஒட்டிக்கொண்டு வரும் வேறு ஏதாவதா? கொஞ்ச காலமாக இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

கொன்பினியின் வரலாற்றில் பாதி பதில் இருக்கிறது. செவன்-இலெவன் ஜப்பானில் முதல் கடையைத் திறந்தது 1974 மே மாதம், டோக்கியோவின் தொயோசு பகுதியில். அதற்கு முன் அது ஒரு குடும்பத்தின் மதுக்கடை. தந்தை இறந்தபின் பொறுப்பேற்ற இளைஞர் ஒருவர் அமெரிக்கக் கடையின் பெயரைத் தன் வாசலில் மாட்டத் துணிந்தார். முதல் வாடிக்கையாளர் வாங்கியது ஒரு கறுப்புக் கண்ணாடி என்று இன்றும் சொல்வார்கள். மறு வருஷமே ஃபுகுஷிமா மாகாணத்தின் கோரியாமாவில் ஒரு கடை 24 மணி நேரமும் திறந்திருக்கத் தொடங்கியது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 55,000 கொன்பினிகள். ஒரு கடை சுமார் 100 சதுர மீட்டர்தான். அதற்குள் 3,000 வகைப் பொருள். சரக்கைக் குவித்து வைக்கப் பெரிய கிடங்கு கிடையாது. ஆகவே சோற்றுப் பெட்டிகளும் ஓனிகிரி என்ற சோற்று உருண்டைகளும் நாளுக்குப் பல நடையாக லாரியில் வந்து இறங்கும். எது எந்த நேரத்தில் எத்தனை விற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் இந்த ஏற்பாடு ஓடும்.

தெரிந்துகொள்ள வழி கண்டார்கள். விற்கும் ஒவ்வொரு பொருளையும் அந்த நொடியே பதிந்துகொள்ளும் கல்லா இயந்திரத்தைச் செவன்-இலெவன் 1982இல் கொண்டுவந்தது. கொன்பினிக் கல்லாக்களில் பல ஆண்டுகள் ஒரு பொத்தான் வரிசை இருந்தது. கல்லாவில் நிற்பவர், எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து, ஆணா பெண்ணா, ஏறத்தாழ என்ன வயது என்று மதிப்பிட்டு அதில் ஒன்றை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் கணக்கு முடிந்து பணப்பெட்டி திறக்கும். 12, 19, 29, 49, அதற்கு மேல் என்று ஒரு மனித ஆயுளுக்கு ஐந்தே பொத்தான்கள்.

அந்தப் பொத்தான் வரிசையை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒரு வேலை கட்டாயப்படுத்துகிறது. எத்தனை வேலைகளில் அந்தக் கட்டாயம் இருக்கிறது? ஆனால் பார்த்து அழுத்திய மறுகணம் அந்த முகம் கைவிட்டுப் போய்விடும். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், இரவு பதினொரு மணி, ஒரு ஓனிகிரி, ஒரு பீர். நாளைக்கு இந்த நேரத்தில் ஓர் ஓனிகிரியைக் கூடுதலாக இறக்கி வைக்க அந்தக் கணக்கு உதவும். அவள் ஏன் இந்த நேரத்தில் தனியாக வந்தாள் என்பதற்குப் பொத்தான் கிடையாது. கல்லாவில் நிற்கும் பையனுக்குக் கேட்கத் தோன்றியிருக்கலாம். பின்னால் மூன்று பேர் நிற்கும்போது எப்படிக் கேட்பான்?

‘இன்கொன்பினி’ நுழைவது இங்கேதான். அதே பார்வை, அதே ஓனிகிரி, அதே இரவு. பின்னால் வரிசை மட்டும் இல்லை. மகோட்டோவுக்கு அடுத்த கேள்வியைக் கேட்க நேரம் இருக்கிறது. கூடுதலாகக் கொடுக்கப்பட்டது நேரம் ஒன்றுதான். வேலை வேலையாகவே இருக்கிறது. இதைக் கண்டபின் எனக்கு ஒன்று தெளிந்தது. இந்த விளையாட்டை நாடுகிறவர்கள் ஓய்வைத் தேடி வரவில்லை. அவசரப்படுத்தாத உழைப்பைத் தேடி வருகிறார்கள். அது ஒரு நியாயமான பசி என்றே நினைக்கிறேன். சோம்பேறித்தனம் என்றோ, நிஜத்துக்குப் பயந்து ஓடுவது என்றோ அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கொன்பினியை அழகான கனவாக மட்டும் எழுதிவிட்டுப் போகவும் முடியாது. 2019இல் ஹிகாஷி-ஒசாகா நகரில் ஒரு கடைக்காரர், உடன் நின்று உழைத்த மனைவி இறந்துபோக, ஆள் கிடைக்காமல் நள்ளிரவு 1 மணி முதல் காலை 6 மணி வரை கடையை மூடத் தொடங்கினார். 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது தலைமை நிறுவனத்தோடு அவர் போட்ட ஒப்பந்தம். மீறினால் 1.7 கோடி யென் அபராதம் என்றார்கள். நாடே பேசிய விவகாரம் அது. அந்த ஆண்டின் முடிவில் அவருடைய ஒப்பந்தம் ரத்தானது. பின்னர் வழக்கிலும் தோற்றார். 2020இல் அந்நாட்டு வணிகப் போட்டி ஆணையம் வெளியிட்ட ஆய்வில், கொன்பினி உரிமையாளர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 21 நாள் சொச்சமே விடுமுறை கிடைத்தது என்று வந்தது. மாதத்துக்கு இரண்டு நாள் கூட இல்லை. சட்டைப் பையில் பெயர் அட்டை குத்திக்கொண்டு கல்லாவில் நிற்கும் நரைத்த தலைக்காரர் பல கடைகளில் முதலாளியே. இரவு முறைக்கு ஆள் இல்லையென்றால் அவர்தான் நிற்க வேண்டும். சம்பளத்துக்கு நிற்பவர்களில் பலர், படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம் மட்டுமே வேலை செய்யச் சட்டம் அனுமதிக்கும் வெளிநாட்டு மாணவர்கள்.

சரக்குக்கும் இதே கதிதான். தட்டு எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்றால் ஏதாவது மிஞ்சித்தான் ஆகும். மிஞ்சுவதை விலை குறைத்து விற்க விடாமல் கடைக்காரர்களைத் தடுத்ததற்காகச் செவன்-இலெவனுக்கு எதிராக அதே ஆணையம் 2009இல் உத்தரவு போட்டது. 2021 ஜூனிலிருந்து, உடனே சாப்பிடப் போகிறவர்கள் முன்வரிசையில் இருப்பதையே எடுங்கள் என்று தட்டுகளில் அட்டை மாட்டினார்கள். அரசும் கடைகளும் சேர்ந்து செய்தது. நல்ல காரியம்.

இவ்வளவு இருந்தும் ஜப்பானியர்கள் கொன்பினியை நேசிக்கிறார்கள், அந்த நேசமும் உண்மையானது. மின் கட்டணம் கட்டுவது முதல் பார்சல் அனுப்புவது வரை அங்கேயே முடியும். 2011 நிலநடுக்கத்துக்குப் பின் வடகிழக்கில் சீக்கிரமே மறுபடி விளக்கெரிந்த இடங்களில் கொன்பினிகளும் உண்டு. 2017இல் பெரிய கொன்பினி நிறுவனங்களைப் பேரிடர்க் காலத்தில் பொதுப் பொறுப்பு ஏற்கும் அமைப்புகளாகவே அரசு அறிவித்தது.

நேசத்துக்கு மறுபக்கமாக இன்னொரு விளையாட்டும் இருக்கிறது. சில்லாஸ் ஆர்ட் என்ற பெயரில் இயங்கும் சகோதரர்கள் 2020இல் வெளியிட்ட பேய் விளையாட்டு, கொன்பினியில் இரவு முறை பார்க்கும் ஒரு கல்லூரிப் பெண்ணைப் பற்றியது. அங்கேயும் அதே தட்டு, அதே கல்லா, அதே வெள்ளை விளக்கு, அதே வயதுப் பெண். ஒன்றில் நெஞ்சு இளகுகிறது, மற்றதில் உறைகிறது. எனக்கு இரண்டும் ஒரே உண்மையின் இரு முனைகளாகப் படுகின்றன. இரவில், தனியாக, யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய கதவுக்கு எதிரே நிற்பவளுக்கு வருகிறவர் மனிதராகத் தெரிய வேண்டுமென்றால், அவளுக்கு முதலில் பயமில்லாமலும் பரபரப்பில்லாமலும் இருக்க முடிய வேண்டும். அது இல்லாத இடத்தில் கதவுமணி ஒலித்தாலே அடிவயிறு கலங்கும்.

சயாகா முராட்டா 2016இல் அகுதாகவா பரிசு பெற்ற ‘கொன்பினி நிங்கென்’ நாவலில் என் கேள்விக்கு வேறொரு பதில் கிடைக்கிறது. அவரே பல ஆண்டுகள் கொன்பினியில் பகுதிநேர வேலை பார்த்தவர். பரிசு அறிவித்த காலத்திலும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கதாநாயகிக்குக் கடையின் ஒழுங்குதான் அடைக்கலம். எப்படி வரவேற்க வேண்டும், எந்தக் குரலில் பேச வேண்டும் என்று சொல்லித் தந்துவிடுவதால் உலகத்தோடு பழகும் சுமை அவளுக்குக் குறைகிறது. அதை நான் மறுக்கமாட்டேன். என் கவுன்டரிலும், வீட்டில் எது நடந்திருந்தாலும் நோட்டுக்கட்டை எண்ணத் தொடங்கினால் மனம் அடங்கும். ஆனால் அந்த அடக்கம் எதிரே இருப்பவர் இல்லாமலேயே கிடைத்துவிடுகிறது. எனக்கு இப்போது வேண்டியிருப்பது எதிரே இருப்பவரோடு சேர்ந்து கிடைக்கும் அமைதி.

ஓய்வூதியம் வழங்கும் நாட்களில் எங்கள் கிளைக்கு ஒரு பெரியவர் வருவார். பாஸ்புக்கில் பதிவு போட்டுத் தரச் சொல்வார், பிறகு மீதி எவ்வளவு என்று என்னையே வாசிக்கச் சொல்வார். அவருக்குப் படிக்கத் தெரியும், கண்ணும் நன்றாகத் தெரியும். “அம்மா, நீங்க ஒரு தடவை சொல்லிடுங்க” என்பார். வாசித்ததும், போன மாதமும் அதே தொகைதானே என்பார். மகன் வெளியூரில் இருப்பது, அவன் போன் செய்யும் கிழமை, பேத்திக்குப் பல் விழுந்தது, எல்லாம் அந்த ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு வரும். பின்னால் டோக்கனோடு நிற்பவர்கள் தொண்டையைச் செருமுவார்கள். நான் புன்னகையோடு அடுத்த டோக்கன் எண்ணை அழுத்துவேன். அவர் புரிந்துகொண்டு நகர்வார். வேறு எப்படியும் செய்திருக்க முடியாது. வரிசையில் நின்றவர்களுக்கும் அன்று ஆயிரம் வேலை. எங்கள் மூன்று தரப்பிலும் தவறு செய்தவர் எவரும் இல்லை. அதனால்தான் எனக்கு இந்த விஷயம் இன்னும் ஆறவில்லை.

ஆறாமல் கிடந்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. இவாத்தே மாகாணத்தின் தகிஸாவாவில் மையா என்ற பல்பொருள் அங்காடி, 2019இல், மறதி நோய் உள்ளவர்களுக்காக வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்கியது. கூடவே நடந்து உதவத் தன்னார்வலர்கள் இருப்பார்கள். கல்லாக்களில் ஒன்றை அவசரப்படுத்தாத கல்லாவாக வைத்தார்கள். சில்லறையை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணலாம், மறந்துபோனால் மறுபடி முதலிலிருந்து எண்ணலாம். அந்த வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் அது தெரியும், ஆகவே தொண்டையைச் செருமுபவர் யாரும் இல்லை.

கணினித் திரைக்குள் மட்டுமே முடியும் என்று நான் எண்ணியிருந்ததை ஒரு கடை நிஜமாகவே ஏற்பாடு செய்திருக்கிறது. மந்திரம் ஒன்றும் இல்லை: ஒரு கல்லா, ஒரு பலகை, அந்த நேரத்துக்கு ஒரு ஆள். அவசரம் கல்லாவோடு பிறந்தது என்றால் இது சாத்தியமாகியிருக்காது. யாரோ ஒரு வேகத்தை முடிவு செய்திருக்கிறார்கள். எனவே வேறு யாரோ வேறொரு வேகத்தையும் முடிவு செய்யலாம்.

அதற்கு ஒரு செலவு உண்டு, அதை மறைக்கக் கூடாது. மகோட்டோ ஒரு முதியவரோடு பத்து நிமிடம் நின்று பேசினால் அதன் செலவு எவர் தலையிலும் விழாது, அது விளையாட்டு. தகிஸாவாவில் கடை கொஞ்சம், தன்னார்வலர்கள் கொஞ்சம் என்று பகிர்ந்துகொண்டார்கள். என் கிளையில் அதைக் கொடுக்க வேண்டியிருந்தவர்கள் டோக்கனோடு நின்றவர்கள். அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை. ஒசாகாவில் மனைவியை இழந்தவர் கேட்ட ஐந்து மணி நேர இரவுக்கோ, அந்தச் செலவை ஏற்க எளிதில் ஒருவரும் முன்வரவில்லை. கேட்டிருந்தால் என் வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் இரண்டு நிமிடம் தந்திருப்பார்கள்? பாதிப் பேராவது தந்திருப்பார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அவர்களுக்கும் வீட்டில், போனுக்காகக் கிழமையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் இருந்திருப்பார்.