கோடரிக்குப் பிடி போட்ட கரம்



யாசகத்தைக் கண்டிக்க நாம் அடிக்கடி எடுத்துச் சொல்லும் ஹதீஸ் ஒன்று அபூதாவூதில் வருகிறது. உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழரிடம் ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமும்தான் இருந்தன. நபி (ஸல்) அவர்கள் அவற்றைத் தாமே ஏலம் விட்டு 2 திர்ஹம் பெற்றுத் தந்தார்கள். ஒன்றில் குடும்பத்துக்கு உணவு, மற்றொன்றில் கோடரி. அக்கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே பிடி போட்டு, விறகு வெட்டி விற்கச் சொன்னார்கள். 15 நாட்களில் அவர் 10 திர்ஹம் சம்பாதித்து வந்தார்.

"உழைக்கச் சொன்னார்கள்" என்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். அதற்கு முன்பே உணவு, கருவி, அவகாசம் மூன்றையும் ஏற்பாடு செய்தார்களே, அதுவும் சுன்னத்துதான்.

கிராமங்களுக்கு நூறு நாள் வேலையைத் தந்தது 2005-ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டில் அத்திட்டத்தின் கீழ், மாற்றுத்திறனாளிகள் 4 மணி நேரம் வேலை செய்தால் முழுநாள் கூலி என்று விதி செய்தார்கள். தண்ணீர் கொடுப்பது, வேலைக்கு வந்த தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற பணிகள் அவர்களுக்கு.

"அரைநாள் உழைப்புக்கு முழுக் கூலி நீதியா?" என்று கேட்பவர்கள் உண்டு. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழுதால், அதை அரைத் தொழுகை என்கிறோமா? இயன்றதை முழுமையாகச் செய்தவருக்கு முழு நன்மை என்பதே மார்க்கம். "நன்மை அல்லாஹ் தருவது, கூலி அடுத்தவர் பணமாயிற்றே" என்றால், இங்கே அந்த மீதிக் கூலியைத் தனி முதலாளி யாரும் சுமக்கவில்லை. பொதுநிதி சுமக்கிறது. பொதுநிதி இருப்பதே அதற்குத்தானே!

அது கிராமங்களுக்கான திட்டம். ஆரணி நகராட்சிக்குள் வராது. இங்கே முழங்கால் தேய்ந்த நெசவாளி தறி மிதிக்க முடியாது. ஆனால் உட்கார்ந்து தார் சுற்றுவார். கைக்குழந்தையுடன் இருக்கும் விதவைச் சகோதரி முழுநாள் வெளியே போக முடியாது, வீட்டிலிருந்து தைப்பார். ரமலானில் சில நூறு ரூபாயைக் கையில் திணித்துவிட்டு, மற்ற மாதங்களில் "உழைத்துச் சாப்பிடலாமே" என்று அவர்களைப் பேசுவது அநீதி.

ஒரு சட்டத்தைக் கவனியுங்கள்: நம்மிடம் வேலை செய்பவரின் கூலியை ஸகாத்தில் கழிக்கக் கூடாது. ஆனால் ஸகாத்துக்குத் தகுதியானவருக்கு ராட்டையையோ தையல் இயந்திரத்தையோ அவருக்கே உரிமையாக்கிக் கொடுக்கலாம். குறையும் கூலியை ஜமாஅத்தார் ஸதகாவிலிருந்து ஈடுகட்டலாம்.

உழைக்கச் சொல்லும் நாவோடு, கோடரிக்குப் பிடி போடும் கரத்தையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.